9000 ஆர்பிஎம் எஞ்சினில் வால்வு ரீட்டெய்னர் மாற்றிய அனுபவம்

ஹோண்டா எஸ்2000-இன் எஃப்20சி எஞ்சின் மறுபடியும் 9000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9000 சுற்று) வரை தயங்காமல் ஏறுகிறது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்தில் வந்த கடகடப்பு நின்றுவிட்டது. சூடானபின் ஐடிலில் இருந்த லேசான நடுக்கமும் போய்விட்டது. இந்த இரண்டு தொல்லைகளுக்காகத்தான் வேலையைத் தொடங்கினேன். ஆனால் உள்ளே கிடைத்தது மூன்றாவது ஒன்று: வால்வைப் பிடித்து நிறுத்தும் ரீட்டெய்னர் என்ற தட்டில் விரிசல். அதற்குச் சத்தமும் இல்லை, நடுக்கமும் இல்லை. அப்படியே ஓட்டியிருந்தால் ஒருநாள் வால்வு பிடி விட்டு பிஸ்டன்மேல் விழுந்திருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

வண்டி பழையது, வேறு கைகளில் இருந்து வந்தது. பராமரிப்புப் பதிவு பாதிதான் இருந்தது. ஆயில் மாற்றிய குறிப்புகள் ஒழுங்காக இருந்தன. வால்வு கிளியரன்ஸ், அதாவது டேப்பட் (வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தும் திருகுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி), பார்த்ததற்கு ஒரு வரிகூட இல்லை. அதிக ஆர்பிஎம் எஞ்சின் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். நான் இனிமேல் முதலில் கேட்கப்போவது டேப்பட் கணக்கைத்தான்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக. 1999-இல் வந்தது, 1997 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. போர் (சிலிண்டரின் விட்டம்) 87 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 84 மி.மீ. 9000 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) நொடிக்கு 150 முறை சுற்றும், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 முறை திறந்து மூடும். பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். ஃபார்முலா 1-இல் 2.4 லிட்டர் வி8 இருந்த காலத்தில் எஞ்சின்கள் 18,000 சுற்றும். ஆனால் அவற்றின் ஸ்ட்ரோக் 40 மி.மீ. அளவுதான், அதனால் பிஸ்டன் வேகம் 24 மீட்டர் பக்கம்தான் வரும். தெருவில் ஓட்ட விற்ற ஒரு காரில் அதைவிடச் சற்று அதிகமான வேகம் என்பது எனக்கு இன்றும் பிரமிப்பாகவே இருக்கிறது.

முதலில் கடகடப்பு. குளிரில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினின் முன்பக்கத்தில் உலோகம் உரசுவது போன்ற சத்தம் வரும், ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டால் மறையும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்தால் இப்படித்தான் இருக்கும். இந்த எஞ்சினில் அதை வெளியிலிருந்தே கழற்றலாம், முன்கவரைப் பிரிக்க வேண்டியதில்லை. கிராங்கை முதல் சிலிண்டர் டாப் டெட் சென்டரில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) நிறுத்தி, பழையதைக் கழற்றி, புதியதை உள்ளிழுத்த நிலையில் பூட்டி, மாட்டியபின் விடுவித்தேன். பூட்டிய நிலையில் மாட்டாவிட்டால் அதன் தண்டு முன்னதாகவே நீண்டுவிடும், செயினை முறைக்கு மேல் இழுக்கும். கடகடப்பு அன்றே போய்விட்டது.

ஐடில் நடுக்கம் போகவில்லை. த்ராட்டில் பாடியைக் கழுவினேன், ஐடில் கன்ட்ரோல் வால்வைச் சுத்தம் செய்தேன், வேக்யூம் குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஸ்பார்க் பிளக் நான்கையும் வெளியே எடுத்தபோது மூன்றாவதன் நிறம் மட்டும் மற்றவற்றிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. நான்காவதை எடுக்கும்போது அது எதிர்பார்த்ததைவிட எளிதாகச் சுழன்று வந்ததையும் குறித்துக்கொண்டேன். இந்த எஞ்சினில் நான்காவது சிலிண்டர் பிளக் தளர்வது பலரும் அறிந்த விஷயம். பிளக் துளையின் மரையைச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டும்போது நான்கையும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்கினேன். கை அளவு போதும் என்று விடக்கூடிய இடம் இது இல்லை.

அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது, எஞ்சின் சூடாக, த்ராட்டில் முழுக்கத் திறந்து. 1 முதல் 4 வரை: 225, 222, 204, 224 பிஎஸ்ஐ. மூன்றாவது குறைவு, ஆனால் மேனுவல் அனுமதிக்கும் வேறுபாடு 28 பிஎஸ்ஐ. கணக்குப்படி எஞ்சின் பாஸ். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று சிலிண்டர்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்க, ஒன்று மட்டும் 20 குறைவு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் லீக்-டவுன் டெஸ்ட். சிலிண்டரை டாப் டெட் சென்டரில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்து, எத்தனை சதவீதம் கசிகிறது, எந்த வழியாகக் கசிகிறது என்று பார்ப்பது. வந்த கணக்கு 7, 8, 19, 8 சதவீதம். மூன்றாவதில் காற்று வைத்தபோது சைலன்சர் குழாயில் காதை வைத்தால் சீறல் தெளிவாகக் கேட்டது. ஆயில் ஊற்றும் வாயில் ஒன்றும் இல்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. ரிங்குகள் நலம், ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) கேஸ்கெட் நலம், எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுதான் முழுதாக மூடவில்லை. கம்ப்ரஷன் டெஸ்ட் இப்படி இடத்தைச் சுட்டிக் காட்டாது. அடுத்த முறை லீக்-டவுனில்தான் தொடங்குவேன். அந்தக் கருவியின் விலை நான் ஏற்கெனவே வாங்கிக் குவித்த க்ளீனர் டப்பாக்களின் மொத்த விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இனி வால்வு கவரைத் திறக்க வேண்டியதுதான். இந்த எஞ்சினில் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் கிடையாது. 16 வால்வுக்கும் 16 திருகு, ஒவ்வொன்றுக்கும் ஒரு லாக் நட். அளவு எடுக்க எஞ்சின் 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மேனுவல் விதி. ராத்திரி முழுவதும் ஆறவிட்டேன். தொட்டால் சூடு தெரியவில்லை என்பது போதாது. ஹெட்டின் நடுவில் சூடு நெடுநேரம் தங்கும், அளவு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு தப்பிவிடும்.

அளவு: இன்டேக் (காற்று உள்ளே வரும் வால்வு) 0.21 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.29 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) நேரானதாக இருந்தால் இந்த ஹெட்டில் கை படாது. முனை வளைந்த கேஜ் தேவை. நேரான கேஜை வைத்துக்கொண்டு முதலில் எடுத்த அளவுகளை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். தகடு சாய்வாக நுழைந்தால் கிளியரன்ஸ் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இன்டேக்குக்கு நான் பின்பற்றிய முறை: 0.23 தகடு லேசான இழுப்போடு போய்வர வேண்டும், 0.25 வலிந்து நுழைய வேண்டும், 0.27 நுழையவே கூடாது. ஒரே தகட்டின் இழுப்பை நம்புவதைவிட இரு பக்கமும் எல்லை வைத்துப் பார்ப்பது பிசகாது.

இன்டேக் எட்டும் கிட்டத்தட்ட அளவுக்குள் இருந்தன, ஓரிரண்டு மட்டும் 0.20. எக்ஸாஸ்ட் பக்கம்தான் கதை. பெரும்பாலானவை 0.18-க்கும் 0.22-க்கும் நடுவே. மூன்றாவது சிலிண்டரின் ஓர் எக்ஸாஸ்ட் வால்வு 0.06 மி.மீ. குளிரிலேயே இவ்வளவு என்றால், எஞ்சின் சூடேறி வால்வுத் தண்டு நீளும்போது இடைவெளியே இருக்காது. வால்வு தன் இருக்கையில் (மூடும்போது அது அமரும் வளையம்) முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் இருக்கையைத் தொடும் அந்தச் சிறு நேரத்தில்தான். அது கிடைக்காவிட்டால் விளிம்பு கருகத் தொடங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த எஞ்சினில் கிளியரன்ஸ் காலப்போக்கில் கூடுவதில்லை, குறைகிறது. வால்வும் இருக்கையும் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறுகிறது, தண்டின் முனை திருகை நெருங்குகிறது. அதனால் டிக் டிக் சத்தம் கூடாது, குறையும். "எஞ்சின் அமைதியாக ஓடுது, டேப்பட் பார்க்க வேண்டாம்" என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்த வகை எஞ்சினில் அந்த அமைதி கவலைப்பட வேண்டிய அமைதி.

சரி, 16-ஐயும் செட் செய்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். லாக் நட்டை 20 நியூட்டன் மீட்டரில் இறுக்கும்போது திருகு கூடவே கொஞ்சம் சுழலும், அதனால் ஒவ்வொன்றையும் இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும். அப்படி டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு வால்வாகக் குனிந்து பார்க்கும்போது, இரண்டாவது சிலிண்டரின் ஓர் இன்டேக் வால்வில் ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது.

வால்வு ஸ்பிரிங்கின் தலையில் ரீட்டெய்னர் என்ற தட்டு இருக்கும். அதன் நடுத் துளை கூம்பு வடிவம். அதற்குள் இரண்டு அரைவட்ட வால்வு லாக்குகள் வால்வுத் தண்டின் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஆப்பு மாதிரி அமர்ந்திருக்கும். எல்லா வால்விலும் லாக்கின் மேல்முகம் ரீட்டெய்னரின் மேல்முகத்துக்கு ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இந்த ஒன்றில் லாக் உள்ளே அமுங்கியிருந்தது. டிஜிட்டல் வெர்னியரின் ஆழக் கம்பியால் அளந்தேன். மற்றவற்றைவிட 0.4 மி.மீ. ஆழம். அப்புறம் ஒன்றையும் விடாமல் அளந்ததில், நான்காவது சிலிண்டரில் இன்னும் ஓர் இன்டேக் 0.25 மி.மீ. அமுங்கியிருந்தது. போரோஸ்கோப்பை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் ரீட்டெய்னரின் துளை விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று கிளம்பியிருந்தது.

இது எஞ்சின் தன் சொந்த பலத்தில் 9000 சுற்றியதால் வருவதில்லை. அங்கே சுழற்சியை மட்டுப்படுத்தும் லிமிட்டர் எரிபொருளை நிறுத்திவிடும். மேல் கியருக்குப் போக வேண்டிய கை தவறிக் கீழ் கியரில் விழுந்தால்தான் வரும். அப்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது, லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வண்டியின் கியர் விகிதங்களைப் போட்டுப் பார்த்தேன்: மூன்றாவது 1.481, இரண்டாவது 2.045. மூன்றாவதில் 8000-இல் இருந்து நான்காவதுக்குத் தள்ளப்போய் இரண்டாவதில் விழுந்தால், கிளட்சை விட்ட கணத்தில் 11,000-த்தைத் தாண்டும். வால்வையும் ரீட்டெய்னரையும் உலுக்கும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுகிறது. 9000-இலிருந்து 11,000 என்றால் சுழற்சியில் 22 சதவீதம்தான் கூடுதல், விசையில் ஏறக்குறைய 50 சதவீதம். ஒரே ஒரு தடவை போதும். அதன்பின் எஞ்சின் சாதாரணமாகத்தான் ஓடும். கம்ப்ரஷன் நன்றாக இருக்கும், லீக்-டவுனும் நன்றாகவே இருக்கும். என் இரண்டாவது சிலிண்டர் 8 சதவீதம்தான் காட்டியது. கவரைத் திறந்து கண்ணால் பார்ப்பது தவிர இதற்கு வேறு சோதனை இல்லை.

மாற்று பாகம் தேர்வு செய்ய நிறைய யோசித்தேன். எடை குறைந்த டைட்டானியம் ரீட்டெய்னர்கள் கிடைக்கின்றன. பந்தயத்துக்கு அவை சரி, அங்கே குறிப்பிட்ட கால இடைவெளியில் கழற்றிப் பார்ப்பார்கள். பல ஆண்டு திறக்காமல் ஓட்டப்போகும் தெரு எஞ்சினுக்கு எனக்கு எஃகுதான் வேண்டும். இதே குடும்பத்தில் பின்னால் வந்த 2.2 லிட்டர் எஃப்22சி எஞ்சினின் ரீட்டெய்னர் உறுதியானது, இந்த ஹெட்டிலும் பொருந்துகிறது. ஆனால் அதற்குரிய லாக்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய லாக்கைப் புது ரீட்டெய்னரில் போடக் கூடாது. 16 ரீட்டெய்னர், 32 லாக், கூடவே 16 வால்வு சீல் வாங்கினேன். இரண்டு மட்டும் மாற்றலாமா என்று கேட்டால், மாட்டேன் என்றுதான் சொல்வேன். அந்த ஒரு கணத்தில் எல்லா வால்வும்தான் உலுக்கப்பட்டது. மொத்தச் செலவு இரண்டு நல்ல டயர் வாங்கும் தொகைக்குள் முடிந்தது. ஓர் எஞ்சின் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

ஹெட்டைக் கழற்றாமலே இதைச் செய்யலாம். கேம் ஷாஃப்டுகளும் (வால்வுகளைத் திறக்கும் முகடுகள் கொண்ட தண்டுகள்), அவற்றின் அழுத்தத்தை வால்வுக்குக் கொண்டுபோகும் ராக்கர் ஆர்ம் தொகுப்பும் வெளியே வர வேண்டும். கழற்றும் முன் செயின், பல்சக்கரம், ஹெட் மூன்றிலும் வெள்ளை பெயிண்டில் புள்ளி வைத்தேன், எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன். இந்த எஞ்சினில் செயின் நேராகக் கேமைச் சுழற்றுவதில்லை. இடையில் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது, அது கேம் பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அவை பல் இடைவெளிச் சத்தம் வராமல் இருக்க ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தட்டுகள். கழற்றும் முன் ஊசி போட்டு இரண்டு தட்டையும் ஒன்றாகப் பூட்டாவிட்டால், திரும்ப மாட்டும்போது பல் பொருந்தாது. போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் வரிசையில், ஒரே மூச்சில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கேமின் ஒரு முனை மட்டும் ஸ்பிரிங் விசையில் எழும்பி நின்றால் தாங்கி விளிம்பு சேதமாகும்.

ஸ்பிரிங்கை அமுக்கும்போது வால்வு கீழே போகாமல் பிடித்து நிறுத்த வேண்டும். முதலில் பிளக் துளை வழியாகக் காற்று கொடுத்துப் பார்த்தேன். பிஸ்டன் மிகச் சரியாக உச்சியில் இல்லாததால் காற்று அதைக் கீழே தள்ளிவிட்டது, கிராங்க் ஒரு குலுக்கலோடு திரும்பியது. நல்லவேளை அப்போது எந்த லாக்கும் கழற்றப்படவில்லை. கியரில் போட்டு நிறுத்திச் செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை, காற்று கம்ப்ரசர் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்ற எண்ணமே வேலையைக் கெடுக்கும். அதனால் கயிற்று முறைக்கு மாறினேன். பிஸ்டனைப் பாதி இறக்கி, 8 மி.மீ. நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியாக உள்ளே திணித்து, கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பினால் கயிறு வால்வுகளுக்கு அடியில் மெத்தையாக நெருங்கி நிற்கும். கயிறு புதியதாக, பிசிறு இல்லாததாக இருக்க வேண்டும். வெளியே தொங்கும் நுனியில் ஒரு முடிச்சும் வேண்டும். கேம்கள் வெளியே இருப்பதால் எல்லா வால்வும் மூடியே இருக்கும், கிராங்கைத் திருப்புவதில் மோதல் பயம் இல்லை. டென்ஷனர் கழன்றிருப்பதால் செயின் கீழே பல் தாவாமல் இருக்க, திருப்பும்போதெல்லாம் அதை மேலே இழுத்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். இதைத் தனியாகச் செய்யாதீர்கள்.

ஆயில் வடியும் துளைகள் எல்லாவற்றையும் பஞ்சு உதிராத துணியால் அடைத்தபிறகுதான் முதல் லாக்கைத் தொட்டேன். ஒரு லாக் உள்ளே விழுந்தால் ஆயில் பேனைக் கழற்றித்தான் தேட வேண்டும். நெம்புகோல் வகை ஸ்பிரிங் கம்ப்ரசர், பேனா அளவு காந்தம், லாக்கை ஒட்டவைக்க விரல்நுனியில் கிரீஸ். இவ்வளவுதான் கருவி. ரீட்டெய்னரை மேலிருந்து ஒருமுறை லேசாகத் தட்டினால் இறுகியிருக்கும் லாக் விடுபடும். முதல் வால்வுக்கு எடுத்த நேரத்தில் கடைசி நான்கையும் முடித்துவிடலாம், கை அவ்வளவு பழகிவிடும். ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்தபோது ஒரே வகையைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒப்பிட்டேன், வித்தியாசம் இல்லை, அதனால் அவற்றை மாற்றவில்லை. வால்வுத் தண்டை விரலால் சுழற்றியும் ஆட்டியும் பார்த்தேன். எதுவும் வளைந்து தட்டவில்லை, கைடில் ஆட்டமும் இல்லை. அதிகச் சுழற்சியில் வால்வு பிஸ்டனைத் தொட்டிருந்தால் இங்கேயே தெரிந்திருக்கும்.

வெளியே வந்த 16 ரீட்டெய்னரையும் கழுவி வெளிச்சத்தில் பார்த்தேன். விரிசல் விட்டது அந்த ஒன்றுதான். துளை விரிந்து லாக் அமுங்கியது இரண்டு. மற்ற 14-இலும் லாக் பதிந்த தடம் சீராக இருந்தது. கேம் முகடுகள், ரோலர்கள், தாங்கிகள் எதிலும் கீறல் இல்லை. இத்தனை வருடம் 9000 வரை சுழன்ற ஹெட்டில் தேய்மானம் என்று சொல்ல வால்வு இருக்கைகள் மட்டும்தான். நல்ல ஆயில் நேரத்துக்கு மாற்றப்பட்டதன் பலன் இது. அதைச் செய்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இதே சந்தர்ப்பத்தில் விடெக் (அதிகச் சுழற்சியில் வேறு கேம் முகட்டுக்கு மாற்றும் அமைப்பு) சோலனாய்டைக் கழற்றி அதன் வலை வடிகட்டியைச் சுத்தம் செய்தேன், கேஸ்கெட்டை மாற்றினேன். திரும்ப மாட்டும்போது கேம் முகடுகளில் அசெம்பிளி லூப் (மாட்டும்போது பூசும் மசகு) தாராளமாகத் தடவினேன். பூட்டு ஊசியை எடுக்க மறக்காதீர்கள். பிளக் போடாமல் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, டைமிங் குறிகள் சேர்கின்றனவா என்று சரிபார்த்தபின்தான் கிளியரன்ஸுக்குப் போனேன். இந்த முறை எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் 0.29 பக்கம், அளவின் மேல் எல்லையில் வைத்தேன். குறைந்துகொண்டே போகும் என்பது தெரிந்தபின் கீழ் எல்லையில் வைக்கக் காரணமில்லை. கவர் போல்ட் 9.8 நியூட்டன் மீட்டர்தான். இவ்வளவு சிறிய டார்க்குக்குப் பெரிய ரெஞ்சை நம்பக் கூடாது, 5 முதல் 25 வரை அளக்கும் சின்ன ரெஞ்ச் தனியாக வேண்டும்.

ஆயில் 10டபிள்யூ-30, ஃபில்டரோடு 4.8 லிட்டர். எரிபொருளைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் அழுத்தம் வந்தபின் ஸ்டார்ட் செய்தேன். சில நாள் 6000-த்தைத் தாண்டாமல் ஓட்டினேன், அதாவது விடெக் மாறும் எல்லைக்குக் கீழேயே. பிறகு ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்த்தேன். அசெம்பிளி லூப்பின் கறை தவிர, உலோகத் துகள் இல்லை. சூடான எஞ்சினில் லீக்-டவுன்: 7, 7, 8, 8. மூன்றாவதின் எக்ஸாஸ்ட் வால்வு கருகும் முன்பே பிடிபட்டிருக்கிறது. கம்ப்ரஷன் மூன்றாவதில் 221. அதன்பிறகுதான் ஆயில் முழுக்கச் சூடேறியதை உறுதிசெய்துகொண்டு, மூன்றாவது கியரில் சிவப்புக் கோடு வரை விட்டேன். 6000-இல் கேம் மாறும் அந்தக் குரல் முன்பைவிடத் தெளிவாக இருந்தது.

இந்த வகை எஞ்சின் இனி வருமா என்று யோசிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியவில்லை. புதிதாக வருபவை இருக்கின்றன. போர்ஷே 911 ஜிடி3-இன் 4 லிட்டர் எஞ்சின் 9000 சுற்றுகிறது, கார்வெட் இசட்06-இன் 5.5 லிட்டர் வி8 8600 சுற்றுகிறது, ஃபெராரி 12 சிலிண்ட்ரியின் 6.5 லிட்டர் வி12 9500. கார்டன் மர்ரியின் டி.50-க்குக் காஸ்வொர்த் செய்த வி12 12,100 வரை போகிறது, அந்தக் கார் மொத்தம் 100 தான். எல்லாம் சிலருக்கு மட்டும் எட்டும் கார்கள். எஸ்2000 மாதிரி இரண்டு லிட்டரில், பலர் வாங்கக்கூடிய காரில், 9000 சுற்றும் டர்போ இல்லாத எஞ்சின் திரும்ப வரும் என்று நான் நம்பவில்லை. சின்ன டர்போ எஞ்சின் 2000-லேயே முழு இழுவை தருகிறது, புகைச் சோதனையில் குறைந்த கார்பனும் காட்டுகிறது. அதனோடு மோத இதற்கு வழி இல்லை. பெரிய எஞ்சின்களில் ஒரு வழி தெரிகிறது. லம்போர்கினி ரெவுல்டோ டர்போ இல்லாத வி12-ஐ வைத்துக்கொண்டே மூன்று மின்மோட்டார்களைச் சேர்த்தது. கீழ்ச்சுழற்சியில் இல்லாத இழுவையை மோட்டார் தந்துவிட்டால், எஞ்சின் உச்சியில் பாடுவதற்கென்றே இருக்கலாம். இது விலை இறங்கிச் சின்னக் கார்களுக்கு வந்தால் மகிழ்வேன்.

நம்பகத்தன்மையில் புதியவை ஒரு படி முன்னேறியிருக்கின்றன. 2017-க்குப் பிறகு வந்த ஜிடி3 எஞ்சினில் வால்வு இடைவெளியைத் தொழிற்சாலையிலேயே ஷிம் (அளவான மெல்லிய தட்டு) வைத்து நிர்ணயித்துவிடுகிறார்கள், பின்னால் சரிசெய்யும் வேலையே இல்லை என்பது அவர்கள் கணக்கு. அதோடு போர்ஷேயின் கட்டுப்பாட்டுக் கணினி, எஞ்சின் எல்லை தாண்டிச் சுழன்ற நிகழ்வுகளை வகை பிரித்துப் பதிவு செய்கிறது. பழைய கார் வாங்குகிறவர் அதைப் பார்த்தே கியர் தவறி விழுந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளலாம். என் எஞ்சினில் அந்த வரலாறு இரண்டு ரீட்டெய்னரில் மட்டும்தான் எழுதியிருந்தது. ஆனாலும் திருகும் லாக் நட்டும் வைத்த ஹெட்டில், பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஒரு ஃபீலர் கேஜும் இருந்தால் யாரும் எஞ்சினின் ஆயுளை நீட்டலாம். ஷிம் வைத்ததில் அது முடியாது. பழைய முறையில் எனக்கு இருக்கும் பிடிப்புக்கு இதுதான் காரணம்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் காரின் தயாரிப்பு 2009-இல் நின்றுவிட்டது. சிலிண்டர் சுவர்கள் நார் கலந்த உலோகக் கலவை. சாதாரண இரும்புச் சிலிண்டர் மாதிரி அடுத்த அளவுக்குக் கடைந்து எந்த பிஸ்டனையும் போட்டுவிட முடியாது, அந்தச் சுவருக்கு ஏற்ற பூச்சு உள்ள பிஸ்டன்தான் வேண்டும். அதனால் கீழ்ப்பகுதியைக் காப்பாற்றுவதுதான் இந்த எஞ்சினின் எதிர்காலம். ஆயில் அளவு ஒருபோதும் குறியின் கீழே போகக் கூடாது, குளிரில் 6000-த்தைத் தொடக் கூடாது. டென்ஷனர் ஒன்றும் கவர் கேஸ்கெட், கிராங்க் சீல்களும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்து ஆயில் பேன் இறக்கும் வேலை. பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டுகளின் போல்ட்டில் ஆரம்ப கால எஞ்சின்களில் இரண்டு துளைதான் இருந்தது, பின்னர் நான்காக்கினார்கள். என்னுடையது எது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்கு முன், 5000 கிலோமீட்டர் ஓடியதும் கவரைத் திறந்து 16 கிளியரன்ஸையும் லாக்குகளின் ஆழத்தையும் மறுபடி அளந்து, இந்த முறை எழுதிய அட்டவணைக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பேன்.